ஊதுற கட்சி

மேற்குத் தாம்பரத்தில், பழுதுபார்ப்பவர் என் கைப்பேசியின் சார்ஜர் துளையில் ஊதியதைக் கண்டதும், முன்பு அதே இடத்தில் இருந்த வீடியோ கேம் கடை, அதன் பச்சைத் திரைச்சீலையும் சூடேறிய தொலைக்காட்சிகளின் வாடையும் பொத்தான்களின் ஓயாத டக்டக் ஒலியுமாக, நினைவில் எழுந்தது. அங்கே ஆட வருவோரில், வீட்டில் பிளேஸ்டேஷன் வைத்திருந்த பிள்ளைகள் ஒரு கட்சி. வீட்டில் பழைய கேம் கேசட் போட்டு ஆடுவோர், ஆட்டம் நின்றுபோனால் அதைக் கழற்றி ஊதிச் செருகுவதால், ‘ஊதுற கட்சி’. என் வீட்டிலும் கேசட்தான். என் வீட்டுக்கு வந்து ஆடியிருந்த, அதே கட்சி நண்பன் முரளி மட்டுமே அதை அறிவான். நானோ பிளேஸ்டேஷன் இருப்பதாகப் பொய் சொல்லி, அவனையே நாள்தோறும், “இன்னா மச்சான், இன்னிக்கு ஊதினியா?” என்று சீண்டிவந்தேன்.

ஒருநாள் கடையின் பிளேஸ்டேஷனில் ஆட்டம் பாதியில் உறைந்தது. எல்லாரும் பார்த்திருக்க, குறுந்தட்டை வெளியே எடுத்த நான், பழக்கதோஷத்தால் அதன் நடுத்துளையில் பலமாக ஊதிவிட்டேன்.

“டேய், இவனும் ஊதுறான்டா! அப்ப உங்க வூட்லயும் கேசட்டா?” என்றான் ஒருவன்.

“இல்லடா, நான்தான் ஊதச் சொன்னேன்,” என்றான் முரளி.

கடையே அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் என்னைப் பார்த்தான். அத்தனை பேரிலும் உரக்கச் சிரித்தவன் நானே.