தொப்பை குறைந்ததற்கு ஒரு பொன்னாடை

கொரோனா ஓய்ந்து, ஊர் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. மதுரை கே.கே. நகரில் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தேன். திருப்பரங்குன்றத்தில் எனக்குச் சொந்த வீடு உண்டு. ஆனால் என் மனைவி புற்றுநோயில் போன பிறகு அங்கே என்னால் இருக்க முடியவில்லை. அடுப்படி விளக்கைப் போடக்கூடப் பயமாக இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

புது இடத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் 'அடடா' என்பார்கள். அந்த அடடாவைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லை.

விடிந்ததும் வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போய்விடுவேன். அங்கே ஒரு கோஷ்டி. சுகர், பிரஷர், வெந்தயம், கருஞ்சீரகம் தவிர அவர்களுக்கு வேறு பேச்சே கிடையாது. நடந்து முடித்த கையோடு வடைக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பது வேறு விஷயம். நல்ல மனிதர்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நடப்பது மட்டும்தான் நடந்தது. பசி என்பதே வரவில்லை. டீயும் பன்னுமாகப் பொழுது போனது. தூக்கமும் இல்லை. இப்படியே கரைந்து போய்விட்டால் தேவலை என்றுகூட இருந்தது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டேன்.

அவர்கள் கண்ணில் பட்டதோ வேறு.

"அண்ணே, அம்புட்டு தொப்பையும் எங்கண்ணே போச்சு? என்ன டயட்டு?"

நான் சிரித்து வைப்பேன். ஒருவர் தன் மனைவியையே கூட்டி வந்து என்னைக் காட்டினார். "பாத்துக்க, மனுசன்னா இப்படி உடம்ப வச்சிருக்கணும்." அந்த அம்மாவும் என்னை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார்.

நம் ஊரில் எதற்கும் ஒரு பொன்னாடை உண்டே! நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவிலேயே விழா வைத்து, உடம்பைக் குறைத்துக் காட்டியவன் என்று என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். "ரகசியத்தச் சொல்லுங்கண்ணே" என்று மைக்கையும் கையில் திணித்துவிட்டார்கள்.

கம்பங்கூழ், கொள்ளு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை.

"என் வீட்டுக்காரி செத்துப்போயிட்டா. அதுலருந்து பசிக்கல. வேற நான் ஒண்ணும் செய்யல."

முன்னால் இருந்தவர்கள் தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்கள். பின்வரிசையில் சரியாகக் காதில் விழாத சிலர் கைதட்டினார்கள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அவள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. சால்வையில் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவியைக் கூட்டி வந்து என்னைக் காட்டியவர், "ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவரும் அழுதார்.

கோரிப்பாளையத்திலிருந்து நடக்க வரும் பாய் ஒருவர் இருந்தார். அதற்கு முன்பு எங்களுக்குள் சலாமும் வணக்கமும் மட்டும்தான். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எந்திரிங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றார். பைக்கில் உட்காரவைத்து அழைத்துப்போனார். அவர் மனைவி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார். நான் இடியாப்பத்தைப் பிய்த்துப் பிசைந்துகொண்டே இருந்தேன். "மெதுவா சாப்டுங்கண்ணே. நாங்க எங்கயும் போகல" என்று பாய் எதிரே உட்கார்ந்துகொண்டார். மறுநாள் மனநல மருத்துவரிடமும் அவரே கூட்டிப்போனார். உள்ளே நுழைய நான் கூச்சப்பட்டபோது, "காச்சலுக்குக் காட்ட வெக்கப்படுவீகளா?" என்று மட்டும் கேட்டார்.

மருத்துவர் சொன்னபடி இப்போது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். மாத்திரை போடுகிறேன். ஓரளவு தூங்குகிறேன். எடையும் ஏறிவிட்டது, மருத்துவருக்குச் சந்தோஷம். நாக்கில் ருசி மட்டும் இன்னும் திரும்பவில்லை. உடம்பைத் தேற்ற ஊரே ஆயிரம் வழி சொல்கிறது. தேறிய உடம்பை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.