அக்காவின் ரத்தம்

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரனுக்கு வரும் சோம்பல் காசிமேட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. கரையேற்றிய படகைச் சுரண்டி வர்ணம் பூசுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதனால் நான் துவண்டபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள் வந்தன. பலகையில் இடித்துக்கொண்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

"கடலுக்குப் போனா சரியாப்பூடும்" என்றார்கள் கூட்டாளிகள். வருஷா வருஷம் அப்படித்தான் சரியாகியிருக்கிறது.

நான் பல் துலக்கித் துப்பியதைப் பார்த்து என் மனைவி தேவகிதான் பயந்தாள். "யோவ், இன்னாய்யா வாயெல்லாம் ரத்தமா கீது? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு."

லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) என்றார்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால், கடல் திறக்கட்டும் என்று என்னைப் போலக் காத்திருக்காதீர்கள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். எலும்பு மஜ்ஜை (எலும்புக்குள் ரத்தம் ஊறும் இடம்) ஓயாமல் அணுக்களை உண்டாக்குகிறது. பழுதான அணுவைப் பெருகவிடாமல் நிறுத்தவும், தேறாவிட்டால் அழிக்கவும் சில மரபணுக்கள் உண்டு. கட்டியை அடக்கும் மரபணுக்கள் என்று பெயர். என் ரத்த அணுக்களில் அவற்றில் ஒன்று கெட்டுவிட்டது. அதட்ட ஆளில்லாமல் முதிராத அணுக்கள் பெருகி மஜ்ஜையை அடைத்துவிட்டன.

"வல ரொம்பி கீது, ஆனா அத்தினியும் பொடி மீனு. அப்டித்தானே டாக்டர்?"

அவர் சிரித்தார். "அதேதான். பெருசு வளர இடமே இல்ல."

"என் பொண்ணுங்களுக்கும் வருமா?"

"இது பிறவியில வந்தது இல்ல. உங்க ரத்தத்துல மட்டும் நடுவுல ஏற்பட்டது. அவங்களுக்குப் போகாது."

அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல சேதி அது. அந்த மரபணு கெட்டவர்களுக்குக் கீமோதெரபி (புற்று அணுவைக் கொல்லும் மருந்து) மட்டும் போதாதாம், நோய் திரும்பிவிடுமாம். உடன்பிறந்தவரின் மஜ்ஜை அணுக்கள் பொருந்தினால் பிழைக்க வழியுண்டு. எனக்கு இருப்பது ஒரே அக்கா, மீன் விற்பவள். பொருந்தியது.

"மீன் முள்ளு குத்தாத வெரலே எனக்குக் கெடையாது. ஊசிக்கா பயப்படுவேன்?" என்று வீறாப்பாக அணுக்களைக் கொடுக்கப் போனாள். உள்ளே கண்ணை மூடிக்கொண்டு தேவகியின் கையை நசுக்கிவிட்டாளாம்.

அவள் அணுக்களை எனக்கு ஏற்றியபின் தனி அறையில் கிடந்த நாட்களில் கடல் ஞாபகம் வாட்டியது. திரும்பி வரும்போது எண்ணூர்ப் புகைபோக்கிகள்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைக் கண்டதுமே எங்களுக்குப் பசி வந்துவிடும். கீமோவில் வாய் வெந்து தண்ணீர்கூட இறங்காதபோது, அந்தப் பசிக்காக அழுதேன். சின்ன வயதில் அப்பாவின் படகு வரும் நேரத்துக்கு அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடுவாள். அவள் இடுப்பெலும்பு என் தொடையில் குத்துவதுகூட நினைவுக்கு வந்தது.

மாதங்கள் கழித்து டாக்டரம்மா சொன்னார்: "இப்ப உங்க உடம்புல ஓடுறது முழுக்க உங்க அக்கா அணுக்கள். ரத்த வகையே மாறிடுச்சு."

நோய் இனி வராது என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன். அடுத்த பரிசோதனை வரைக்கும்தான் என் காலம். அதுவே நிறைய இருக்கிறது.

போன பரிசோதனையில் ரத்தம் எடுத்ததும் ஊசி குத்திய இடத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. நல்ல சிவப்பு. துடைக்க மனம் வராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற அக்கா பஞ்சை வைத்து அழுத்தினாள். "இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? என்னுது வீணாப்பூடுது."