கூலிக்கு இல்லை, குத்தகைக்கு

என் கணவருக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமான மாதம், தன் அம்மாவுக்கென்று ஒரு வயர் நாற்காலி வாங்கி வந்தார். "வெயில்ல வெந்தது போதும். இனிமே உக்காந்து சாப்பிடும்மா" என்றார். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை ஒரு மத்தியானம் முழுக்க அதில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "நெலம் பாக்கப் போறேன், வரியா?" என்று என்னைக் கேட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊரே நிலத்தை விட்டுத் தொழிற்சாலைக்கு ஓடிக்கொண்டிருந்தபோது அத்தை எதிர்த்திசையில் நடந்தார். ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கத்தில் அவர் களை எடுக்காத கொல்லை இல்லை. அதில் ஒரு பிடி மண்கூட அவருடையது இல்லை. தெலுங்கு பேசுகிறவரிடம் தெலுங்கிலும், கன்னடம் பேசுகிறவரிடம் கன்னடத்திலும் குத்தகைக்கு நிலம் கேட்டார். எல்லா மொழியிலும் ஒரே பதில்தான் வந்தது: கூலிக்கு வா, குத்தகைக்கு வராதே. ஒருவர் சிரித்தே விட்டார். "பொம்பள ஏரு புடிச்சா மழ வருமா?" அத்தை நின்று பதில் சொன்னார்: "இத்தினி வருசமா நீங்க புடிச்சப்ப தவறாம வந்துச்சா?"

கடைசியில் நிலம் கொடுத்தவர், அத்தை சிறுவயது முதல் கூலிக்குப் போன வீட்டுப் பெரியவர். கொடுத்தது ஆடுகூட மேயாத கல்லுக் கொல்லை. கேலிக்காகவே கொடுத்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அத்தையோ சந்தைக்கு நடுவில், நாலு பேர் காது கேட்கப் பேச்சை முடித்தார்: மூன்று வருடக் குத்தகை, இடையில் கேட்கக் கூடாது.

அந்தக் கோடை முழுக்கக் கல் பொறுக்கினோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. என் கணவருக்கு ஒரே கோபம். "சம்பாரிக்கிற மகன் இருந்தும் ஆத்தாள கல்லு பொறுக்க வுட்டுட்டான்னு பேசுவாங்கம்மா" என்றார். "ஆத்தா வெவசாயம் பண்றான்னும் பேசட்டும்டா" என்று அத்தை அடுத்த கல்லைத் தூக்கினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் வரத் தொடங்கினார். முதல் வருடம் ராகி முழங்கால் உயரம்கூட எழவில்லை. அடுத்த வருடம் இடுப்பளவு நின்றது.

அதைப் பார்த்துத்தான் பெரியவர் ஒரு தரகரோடு வந்தார். "கொல்லைய வுட்டுடு. கம்பெனிக்காரங்க கேக்கறாங்க. உனக்குக் கூலி வேல எப்பவும் இருக்குது" என்றார். கதிர் பால் பிடித்திருந்த நேரம். அதுவரை அவரை "சாமி" என்று குனிந்தே பேசியிருந்த அத்தை அன்று நிமிர்ந்து நின்றார். "பயிரு நிக்குதுண்ணா. சந்தையில பேசின பேச்சும் நிக்குது. கெடு முடியட்டும், நானே குடுக்கறேன்."

நிலத்தை மறுத்ததைவிட, அந்த 'அண்ணா'வில்தான் பெரியவர் முகம் கறுத்தது. மறுநாள் காலை அவர் வீட்டு மாடுகள் எங்கள் ராகிக்குள் நின்றன. அத்தை அவற்றை அடிக்கவில்லை. ஓட்டிக்கொண்டு போய்ச் சாவடி முன்னால் கட்டிவிட்டு, "யாரு மாடு இது? சொல்லுங்க!" என்று கத்தினார். யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பேச்சைக் கேட்டவர்களும் அங்கே இருந்தார்கள். பெரியவரின் மகன் வந்து அவிழ்த்துப் போனான். அதன்பின் ஒரு மாடும் அந்தப் பக்கம் வரவில்லை.

கெடு முடிந்த அன்று, சொன்னபடியே நிலத்தை விட்டார். நான் அழுதேன். "அழுவாத. இனிமே குத்தகை வேணாம், வாங்கிப்புடலாம்" என்றார். கம்மலையும் கறவை மாட்டையும் விற்று, சூளகிரிப் பக்கம் வாங்க ஆளில்லாமல் கிடந்த இன்னொரு கல்லுக் கொல்லையை வாங்கினார். பத்திரம் எழுதுகிறவர் நிமிராமலே, "தொழில் கூலின்னு போட்டுடவா?" என்று கேட்டார். "யாருய்யா கூலி? வெவசாயம்னு எழுது" என்றார் அத்தை. அந்த நிலத்தில் அதுவரை ஒரு சால்கூட அவர் உழுதிருக்கவில்லை.

அத்தை இப்போது இல்லை. கொல்லையைச் சுற்றிக் கம்பிவேலிகளும் பூட்டிய கேட்டுகளும் வந்துவிட்டன. போன வாரம் காரில் வந்த ஒருவர், என் கையிலிருந்த களைக்கொத்தைப் பார்த்துவிட்டு, "ஓனர் எங்கம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். "விக்கறதுக்கில்ல. வண்டிய ஓரமா எடுங்க, ஈரம் காயறதுக்குள்ள அவரைக்கொட்டை வெதைக்கணும்."