பஞ்சாரம் நகர்ந்தது

எழுபதுகளில் நான் கல்யாணமாகி உடன்குடிக்கு வந்த புதிது. எங்கள் கோழி சிவப்பி ஒன்பது குஞ்சு பொரித்திருந்தாள்.

“ஏளா, ஒரு வாரம் தாயும் குஞ்சும் பஞ்சாரத்துக்குள்ளயே கெடக்கட்டும். வெளிய விட்டா மத்த கோழிக கொத்திக் கொன்னுரும். மேல கல்லு வைக்க மறந்துராத” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் பனையேறப் போனார்.

அடுப்பில் பதனீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவசரமாகப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்தவள், கல்லை மறந்தேன். மற்ற கோழிகளுக்கான குருணையையும், கொல்லைவரை நடக்கச் சோம்பி, கூடைக்குப் பக்கத்திலேயே வீசினேன்.

கீச்சென்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன். கூடையின் இடுக்கு வழியாக ஒரு குஞ்சு குருணையைப் பொறுக்க வெளியே வந்திருந்தது. கறுப்புப் பெட்டை அதன் தலையில் கொத்தியது. அகப்பையோடு நான் ஓடுவதற்குள் பஞ்சாரம் நகர்ந்தது. உள்ளேயிருந்து சிவப்பி நெஞ்சால் முட்டி முட்டித் தள்ளினாள். மற்ற குஞ்சுகள் அவள் காலடியிலேயே ஓடின. செம்மணலைக் கீறிக்கொண்டு வந்த கூடை, ஒரு பக்கம் தூக்கி, அந்தக் குஞ்சை உள்ளே வாங்கிக்கொண்டு அமர்ந்தது. கறுப்பி விலகிப் போனது. அடுப்பில் பதனீர் வழிவதுகூடத் தெரியாமல் நான் நின்றேன்.

சாயங்காலம் வந்தவர், “ஏளா, கல்ல எங்க?” என்று கேட்டார்.

“மறந்துட்டேன்.”

குருணையைப் பற்றி அவரிடம் சொல்லவேயில்லை. இன்று உங்களிடம்தான் சொல்கிறேன். நாய் கூடையைப் புரட்டிவிடும் என்று கல் வைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் அன்றிலிருந்து என் கை, இருப்பதிலேயே சின்னக் கல்லாகத்தான் தேடுகிறது.