சிலிண்டர்காரர் சொன்ன பொய்

இதய சிகிச்சைப் பிரிவில் சிலிண்டர் மாட்டுகிறவருக்குப் பாம்புச்செவி என்று பெயர் வைத்தது நர்சுகள்தான். இருபத்திரண்டு வருஷம் வால்வு திருகிய மனிதர். எங்கே கசிந்தாலும் அந்தக் காதுக்குத் தப்பாது.

அந்த வருஷம் பெரிய டாக்டர் ஒரு சோதனையை ஆரம்பித்தார். கடுமையான மாரடைப்போடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, வழக்கமான சிகிச்சையோடு ஒரு மருந்து வாயுவையும் முகமூடி வழியாகக் கொடுப்பார்கள்; மீதிப் பேருக்கு வெறும் காற்று. வாயுவால் பலன் உண்டா என்று யாருக்கும் தெரியாது, அதற்குத்தான் சோதனையே. சிலிண்டர்கள் எல்லாம் ஒரே நிறம். எது எதுவென்று டாக்டருக்கே தெரியக்கூடாது. யார் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லும்படி உத்தரவு. ஆனால் பாழாய்ப்போன காது சும்மா இருக்குமா? மருந்து வாயு கனமானது, அடங்கிச் சீறும்; காற்று கீச்சிடும். நாலே நாளில் பிடிபட்டுவிட்டது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அப்புறம் ஒரு நாள் வந்து படுத்தது தங்கை புருஷன். தங்கை சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். இவர் வால்வைத் திறந்தார். கீச்சிட்டது.

நடைவழியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, உனக்குத் தெரியாம இருக்காது. நெஜ மருந்துதானே?"

அந்த முகத்தைப் பார்த்து எந்த அண்ணனால் உத்தரவை ஒப்பிக்க முடியும்? "மருந்துதாம்மா. கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் மாப்பிள்ளை போய்விட்டார்.

அதற்கப்புறம் துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், அண்ணன் கையாலேயே மருந்து ஏறியது, ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கும்போதெல்லாம் இவர் குறுகிப்போவார்.

ஒரு வருஷம் கழித்துச் சோதனை முடிந்தது. வாயுவால் ஒரு பிரயோஜனமும் இல்லையாம். யாருக்கு எது கொடுத்தோம் என்று வீட்டுக்கு வீடு கடிதம் போனது. விஷயம் தெரிந்ததும் அடித்துப் பிடித்துத் தங்கை வீட்டுக்கு ஓடினார். கடிதம் மேஜைமேல் பிரித்தபடி கிடந்தது. எது கொடுத்திருந்தாலும் ஒன்றுதான் என்று விளக்க ஆரம்பித்தார்.

"மருந்து கெடைக்கலன்னு எனக்கு வருத்தமில்லண்ணா," என்றாள். "மருந்து ஏறுதுன்னு நீ சொன்ன தைரியத்துலதான், பரீட்சைய முடிச்சிட்டு வாடின்னு ஹாஸ்டல்ல இருந்த மகள்கிட்ட சொன்னேன். அவர் ரெண்டு நாளும் அவளத்தான் கேட்டுட்டிருந்தார். நீ தெரியாதுன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே வரச்சொல்லியிருப்பேன்."

உள்ளறையில் அந்த மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாமா வந்திருப்பது தெரிந்தும் அவள் வெளியே வரவில்லை.