நிமிர்ந்து உட்கார், கவிஷா

பெக்கான் நானாஸில் அன்னாசிக்குப் பயப்படுகிற ஒரே ஆள் சந்திரமதியாகத்தான் இருக்க வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் அன்னாசி விற்கிற ஊர் அது. அவளோ பழக்கடையைக் கண்டால் எதிர்ப் பக்கத்துக்குப் போய்விடுவாள்.

காரணம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கவிஷாவை வயிற்றில் சுமந்தபோது அன்னாசி டின்னில் அடைக்கிற கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தாள். பிள்ளைத்தாய்ச்சி தொடக்கூடாத பழம் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள்தான். ஆனாலும் ஒரு நாள் தேநீர் நேரத்தில் நாக்கு கேட்கவில்லை. உப்பும் மிளகாய்த்தூளும் தடவி இரண்டு துண்டு தின்றுவிட்டாள். அந்த வாரமே பனிக்குடம் உடைந்தது. ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே குழந்தை வெளியே வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடந்தது. புருஷன் சுகுமாறன் பயந்துபோய், "எதாச்சும் தப்பா சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"இல்லீங்க" என்றாள்.

அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் பிறகு எல்லாம். சீக்கிரம் பிறந்ததால் குழந்தையின் கண்ணுக்குள் ரத்த நரம்பு சரியாக வளரவில்லை என்று லேசர் வைத்தார்கள். வருடம் தவறாமல் காட்ட வேண்டும் என்றார்கள். கொஞ்ச காலம் போனாள். போகும்போதெல்லாம் நர்ஸ் மிஸ்ஸி, "எத்தனை மாசத்துல பொறந்துச்சு? ஏன்?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பாள். சந்திரமதிக்கு உடம்பெல்லாம் கூசும். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும், "இனி வர வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று வீட்டில் சொல்லி, போவதை நிறுத்தினாள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற சுகுமாறனும் நம்பினான்.

மார்ச்சில் பிறக்க வேண்டியவள் டிசம்பரில் பிறந்ததால், பிறந்த வருடக் கணக்குப்படி கவிஷா ஒரு வருடம் முந்தியே முதலாம் ஆண்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வகுப்பில் அவள்தான் சின்னவள். பின்தங்கிவிடுவாளோ என்று சந்திரமதி பயந்தாள். சாயங்காலம் தவறாமல் மேசையில் உட்கார வைத்துப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை புத்தகத்தில் மூக்கு உரசக் குனியும். "நிமிர்ந்து உக்காரு! கண்ணு கெட்டுப் போயிரும்!" என்று தலையைப் பிடித்துப் பின்னால் இழுப்பாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. நிமிர்ந்து உட்கார்ந்து பாடம் முழுவதையும் கடகடவென்று சொல்லிவிடும். அப்போதும் சந்திரமதிக்குப் பயம் போகாது. அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று, பிள்ளையைப் பார்த்தபடியே சத்தமில்லாமல் அழுவாள்.

ஒரு நாள் பள்ளி விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் பிரவீனா டீச்சர் கூப்பிட்டனுப்பினார்.

"அம்மா, கவிஷா வாசிக்கலை, ஒப்பிக்கிறா. வேற பக்கத்தத் திருப்பி வச்சாலும் அதே பாடத்தத்தான் சொல்றா. பின்தங்குன பிள்ளைங்களுக்கான குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாமான்னு பாக்குறோம். பொறந்தப்போ எதாச்சும் பிரச்சினையா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல டீச்சர்."

வெளியே வந்து பள்ளி வாசலில் நின்றாள். டீச்சர் சொன்னதே காதில் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் வந்தார்கள். தினமும் "கவி!" என்று குரல் கொடுப்பவள் அன்று கொடுக்கவில்லை. கவிஷா எதிரிலேயே வந்து நின்றாள். அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு அம்மாவைத் தாண்டிப் போய், அம்மாவுடையதைப் போலவே நீல நிறத்தில் பாஜுச் சட்டை போட்டிருந்த வேறொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

 சந்திரமதி ஓடிப்போய்ப் பிள்ளையை வாரி எடுத்து, வந்த வழியே திரும்பி ஓடினாள். பிரவீனா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்னாசி தின்றது முதல் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினாள்.

"அன்னாசிய விடுங்கம்மா. கண்ணு டாக்டர எப்ப கடைசியா பாத்தீங்க?" என்றார் டீச்சர்.



கண் டாக்டர் மலாய்க்காரப் பெண். கவிஷாவின் கண்களில் மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். சுகுமாறன் லீவு போட்டு வந்திருந்தான். அவன் எதிரிலேயே சந்திரமதி அன்னாசிக் கதையைச் சொன்னாள். இரண்டு துண்டுப் பழத்தால் பிள்ளை முந்திப் பிறக்காது என்றார் டாக்டர். ஆனால் கண்ணாடியை எப்போதோ போட்டிருக்க வேண்டும். கண் இத்தனை காலம் தெளிவாகப் பார்த்துப் பழகாததால் முழுப் பார்வை வருமா என்று இப்போது சொல்ல முடியாது. சீக்கிரம் பிறந்த பிள்ளைகள் சிலருக்குக் கணக்கும் கவனமும் பின்தங்கும், அதையும் கண்காணிக்க வேண்டும் என்றார். சுகுமாறன் அடுத்து என்றைக்கு வர வேண்டும் என்று மட்டும் டாக்டரிடம் கேட்டான். ஏன் பொய் சொன்னாய் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

டாக்டர் ஒரு இரும்புச் சட்டத்தைப் பிள்ளையின் மூக்கில் மாட்டி, கனத்த கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகினார். கவிஷா சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்க்கவில்லை. அறையின் அந்தப் பக்கம் கதவோரம் நின்ற அம்மாவையே பார்த்தாள்.

"அம்மா, அழுறீங்களா?"

சந்திரமதி அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா."

"அழுறீங்க. எனக்குத் தெரியுது" என்றாள் கவிஷா. சற்று யோசித்துவிட்டுக் கேட்டாள்: "வீட்டுலயும் அழுவீங்களாம்மா?"