மெத்தையின் வலது கால்

நிறுத்தத்துக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே அவருடைய வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்துவிடும். அங்கே பிரேக் கிடையாது. அது பயணிகள் உட்காரும் முன்வரிசை இருக்கை. இருபத்திரண்டு வருஷம் இந்தத் தடத்தில் பஸ் ஓட்டியவர், இப்போது இதே பஸ்ஸில் மனைவியோடு உட்கார்ந்து புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்.

டிப்போவில் அவருக்கு 'மெத்தை' என்று பெயர். அவர் வண்டியை நிறுத்தினால் நின்றபடி தூங்குகிறவர்கூட விழித்ததில்லையாம்! இப்போது ஓட்டும் இளைஞர் சடாரென்று மிதிப்பார். பஸ்ஸே ஒரு குலுக்குக் குலுங்கும்.

"தம்பி, அது பிரேக்கு. கரப்பான்பூச்சி இல்ல."

"நீங்க சீக்கிரம் வந்து ஓட்டுங்கண்ணே. நானும் தப்பிச்சுக்குவேன், பிரேக்கும் தப்பிச்சுக்கும்."

இவர் சிரித்துவிட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார். முடி கொட்டியபோது, "இனிமே சீப்பு செலவு மிச்சம்"னு சொன்ன மனுஷர். கால் விஷயத்தில் மட்டும் அவருக்கு வேடிக்கையே வராது. மருந்து ஏற ஏறப் பாதம் மரத்துப்போய்விட்டது. உணர்ச்சி திரும்பினால்தான் ஸ்டியரிங். திரும்ப ஒரு வருஷம் ஆகலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"ஒரே ஒரு ட்ரிப்பு போதும்டி. காலி வண்டியா இருந்தாலும் பரவால்ல" என்பார் மனைவியிடம், சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, நினைத்த நேரத்தில்.

அதனால் தினமும் காலையில் ஒரு சோதனை. அவர் கண்ணை மூடிக்கொள்வார். மனைவி அவருடைய உள்ளங்காலுக்கு அடியில் ஒரு சட்டைப் பொத்தானை வைப்பார்.

"எங்க இருக்கு, சொல்லுங்க."

இன்று வெகுநேரம் யோசித்தார். "கட்டைவிரலுக்குக் கீழ. நல்லாத் தெரியுது!" முகமெல்லாம் பூரிப்பு.

பொத்தான் மனைவியின் கையில் இருந்தது. இன்னும் வைக்கவே இல்லை.

"கரெக்டாச் சொல்லிட்டீங்க" என்ற மனைவி, அவர் கண் திறப்பதற்குள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

பஸ் பாதி தூரம் வந்திருந்தது. அவர் சாலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "காலைல பொத்தான வச்சியா நீ?"

மனைவி மருந்துச் சீட்டுப் பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

அடுத்த நிறுத்தம் தூரத்தில் தெரிந்தது. வழக்கம்போல அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது. அதை ஒட்டினாற்போல், செருப்பைக் கழற்றிவிட்டு, மனைவியின் காலும் அழுத்தியது.